சொல்லாத பத்து நாள்

பெட்டியை மூடுவதற்கு முன் தகனக்கூடத்து ஊழியர் உள்ளே கைவிட்டு, இசாமுவின் மார்பின்மேல் கிடந்த சிவப்புக் குத்துச்சண்டைக் கையுறைகளை எடுத்து ஹருமியிடம் நீட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. தோல் சாமான் உள்ள வைக்கக்கூடாது. அப்புறம் பொறுக்குற எலும்பெல்லாம் கறுத்துடும்."

ஹருமி வாங்கிக்கொண்டாள். பதினோரு வருடம் அந்தக் கையுறையைச் சக்களத்தி மாதிரி சகித்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவள். இப்போது அது அவள் மடியிலேயே வந்து விழுந்தது.

இசாமு பெரிய வீரன் ஒன்றுமில்லை. பதினாறு வருடத்தில் இருபத்தொன்பது சண்டை. பதின்மூன்று வெற்றி, பதினான்கு தோல்வி, இரண்டு சமன். ஜப்பான் தரவரிசையில் பத்தாம் இடத்தில் இரண்டே மாதம் இருந்தான். அந்தப் பட்டியல் வந்த பத்திரிகைப் பக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து நாலு வருடம் பார்த்துக்கொண்டிருந்தான். பகலில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கும் வேலை, சாயங்காலம் குசாகா வாத்தியாரின் ஜிம். முப்பத்தேழு வயதானால் லைசென்ஸ் போய்விடும். அதற்கு மூன்று வாரம் இருக்கையில் ஒசாகாவில், இருபத்திரண்டு வயதுப் பயலோடு கடைசிச் சண்டை. எட்டுச் சுற்றும் நின்றுகொண்டே அடி வாங்கினான். தோற்று, நாலு பக்கமும் குனிந்து வணங்கி, உடை மாற்றும் அறையில் கைக்கட்டை அவிழ்க்கும்போது சரிந்தான். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அறுவை செய்தும் நாலாம் நாள் போய்விட்டான்.

நேற்று உறவினர் அத்தனை பேர் முன்னாலும் குசாகா வாத்தியார், எழுபதை நெருங்கிய மனிதர், மாமியார் ஃபுமியின் காலடியில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்தார்.

"ஏழாவது சுற்றுலயே துண்டை வீசிச் சண்டையை நிறுத்தியிருக்கணும். துண்டு கையிலதான் இருந்துச்சு. வீசலை. என்னாலதான்."

"எழுந்திருய்யா," என்றாள் ஃபுமி. "பத்து எண்ணறதுக்குள்ள எழுந்திருக்கணும்னு எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தவன்தானே நீ? நீ எழுந்திருச்சு வீட்டுக்குப் போயிடுவே. அவன்?"

ஹருமி தலையைக் குனிந்தபடி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்பி வழிந்தது. துக்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

பயிற்சியில் வாங்கிய ஒரு குத்துக்குப் பிறகு, சண்டைக்குப் பத்து நாள் முன்பே, இசாமுவுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. வெளிச்சம் ஆகவில்லை. காலையில் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தான்.

"எடை குறைக்கிறேன்ல, அதான். வாத்தியார் காதுல போட்டுடாத. ஸ்கேன் எடுன்னுவார். ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே லைசென்ஸ் போச்சு. இன்னும் ஒரே ஒரு சண்டைதானே, ஹருமி."

அவள் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். கடைசிச் சண்டை இல்லாமல் போனால், அந்தக் குறையைச் சொல்லிச் சொல்லியே மீதி நாற்பது வருடமும் தன்னை வாட்டிவிடுவான் என்று பயந்தாள். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் புருஷன் முழுசாகக் கிடைத்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

எரிந்து முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருப்பு அறையில் உறவினர்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். ஹருமி ஒரு கோப்பைத் தேநீரோடு வெளியே போனாள். வண்டிகள் நிற்கும் இடத்தில் வாத்தியார், மேல்கோட்டுகூட இல்லாமல் நின்றிருந்தார்.

"உள்ள வாங்க வாத்தியாரே. குளிருது."

"உன் மாமியார் முகத்துல எப்படிம்மா முழிப்பேன்? ஜிம் போர்டைக் கழட்டிட்டேன். பசங்களை வேற எடம் பார்த்துக்கச் சொல்லிட்டேன்."

"கழட்டாதீங்க." கோப்பையை அவரிடம் நீட்டினாள். "துண்டால ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னாடியே அவருக்குத் தலைவலி. பத்து நாளா. வாந்தி. எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லாதேன்னார், நானும் சொல்லலை. என்னைத் திட்டுங்க. உள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

வாத்தியார் கோப்பையை வாங்கவில்லை. அவள் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்கும் தெரியும்மா," என்றார்.

ஹருமி நிமிர்ந்தாள்.

"ஜிம் கக்கூஸ்ல வாந்தி எடுத்துட்டிருந்தான். பார்த்துட்டேன். ‘ஹருமிகிட்டச் சொல்லிடாதீங்க வாத்தியாரே, தெரிஞ்சா அழுதே நிறுத்திடுவா’ன்னான். கடைசிச் சண்டை, பாவம்னு விட்டுட்டேன். துண்டு துண்டுன்னு ஊருக்கெல்லாம் சொல்றேனே, இதைச் சொல்ல வாய் வரலை."

அவர் திட்டுவார் என்று வந்தவள் அவள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. இரண்டு பேரில் யாராவது ஒருவர், மற்றவருக்கு ஒரே ஒரு தடவை போன் பண்ணியிருந்தால் போதும். தேநீர் ஆறியது. அதைக் கீழே கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

கூப்பிட்டார்கள். தட்டின்மேல் இசாமு வெள்ளையாகக் கிடந்தான்.

"நல்ல கெட்டியான எலும்பு," என்றார் ஊழியர் மரியாதையாக.

"உடம்பை அப்படிப் பார்த்துக்குவான்," என்றாள் ஃபுமி. மகன் செத்தபிறகு அவள் குரலில் பெருமை வந்தது அப்போதுதான்.

அவர்கள் வழக்கப்படி இருவர் இருவராகக் குச்சிகளால் ஒரே எலும்பைப் பிடித்து எடுத்து, காலிலிருந்து தொடங்கி அஸ்திப் பானையில் இட்டார்கள். ஃபுமிக்கு அவள் தம்பி ஜோடி. ஹருமியின் முறை வந்தபோது எதிரில் யாரும் இல்லை.

"வாத்தியாரே, வாங்க," என்றாள், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றிருந்தவரைப் பார்த்து.

"அந்தாளா? வேண்டாம்," என்றாள் ஃபுமி.

"எனக்கு ஜோடி அவர்தான், அத்தை."

ஃபுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நகர்ந்து வழிவிட்டாள்.

மிச்சம் இருந்தது மண்டையோட்டுத் துண்டு ஒன்று. அதன் ஒரு விளிம்பு மட்டும், டாக்டர்கள் அறுத்த இடம், கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. ஹருமி ஒரு பக்கமும் வாத்தியார் மறுபக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். பானையின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்த பிறகும் இருவரும் விடவில்லை.

ஊழியர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"போதும்மா," என்றார் மெதுவாக. "விடலாம்."