முத்தியால்பேட்டையில் இறந்தவர்கள் ஓட்டுப் போட்ட வருஷம்

1937ஆம் வருஷத்துப் புதுச்சேரி நகரசபைத் தேர்தலில் முத்தியால்பேட்டையைச் சேர்ந்த இருநூற்றுப் பதினேழு இறந்தவர்கள் நேரில் வந்து ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முந்தைய தேர்தல்களிலும் அவர்களுடைய ஓட்டு விழாமல் இருந்ததில்லை. ஆனால் அப்போதெல்லாம் பேட்டையின் கட்சித் தலைவர் தெய்வசிகாமணியின் ஆட்கள் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, அவர்களுக்காகப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை யாருக்கும் அந்தச் சிரமம் வைக்காமல் அவர்களே காலை ஏழு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை பிடித்து நின்றார்கள். ஈரச் சுண்ணாம்பும் அழுகிய வாழைத்தண்டும் கலந்த ஒரு நாற்றம் தெரு முழுக்க அடித்தது. தெய்வசிகாமணி சாம்பிராணி போடச் சொன்னார். ஓட்டர்களுக்கென்று இறக்கியிருந்த சாராயத்திலும் ஆட்டுக்கறியிலும் இறந்தவர்களுக்கு உண்டான பங்கை இருப்பவர்களே பந்தி போட்டுத் தின்று தீர்த்தார்கள். அந்த நாற்றத்துக்கு நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்து எலும்பை உறிஞ்சினவர்களை நினைத்தால் இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது. வரிசையில் நின்றவர்களை நினைத்தால் அப்படி வருவதில்லை.

அவர்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. பட்டியலில் பேர் இருந்தது, அதனால் வந்தார்கள். பேர் இருந்ததற்குக் காரணம் சகாயநாதன். ஊரார் மேரி என்று சொல்லும் நகரமன்றத்தில், பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் எழுதும் எத்தாசிவில் பதிவேடு அவன் பொறுப்பில் இருந்தது. அவனுடைய கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். பிறந்த குழந்தையை அன்றைக்கே எழுதிவிடுவான். செத்தவர்களை மட்டும் தெய்வசிகாமணியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவான். வேண்டாம் என்றால் பேனாவை மூடி வைத்துவிடுவான். ஊரில் எல்லாப் பேட்டையிலும் இதுதான் நடைமுறை என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு பதினோரு வருஷம் ஓட்டியிருந்தான். அப்படி எழுதாமல் விட்ட இருநூற்றுப் பதினேழு பேரில் ஒருவன் அவனுடைய சொந்தத் தம்பி சூசைநாதன்.

சூசைநாதன் நூல் ஆலையில் வேலை பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன், பஞ்சைப் பிரிக்கும் எந்திரத்தில் கூட்டாளி யூஜினின் வலது கை சிக்கியது. பிடித்து இழுக்கப்போன சூசைநாதனும் அதே கையோடு உள்ளே போனான். எந்திரத்தை நிறுத்தியபோது இரண்டு உடம்புகளும், மணிக்கட்டோடு அறுந்த இரண்டு வலது கைகளும் கிடைத்தன. கைகள் ஒன்றையொன்று பிடித்தபடியே இருந்தன. விஷயம் கோர்ட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதாக ஆலைக்கு வாக்குக் கொடுத்திருந்த தெய்வசிகாமணி, மத்தியானத்துக்குள் சவப்பெட்டிகளை மூடிவிட வேண்டும் என்று சகாயநாதனையே கூப்பிட்டு அனுப்பினார். யூஜின் கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாதி, சூசைநாதன் இந்தப் பக்கம். எந்தக் கை எந்தப் பெட்டிக்கு என்று சகாயநாதன்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் கைகளைப் பிரித்தான். ஒன்று வெளுப்பாகவும் மற்றது எண்ணெய்க் கறுப்பாகவும் இருந்தன. வெளுத்த கைதான் நம் வீட்டுக் கை என்று எடுத்துத் தம்பியின் பெட்டியில் வைத்தான். விரல்களைப் பார்க்கவில்லை. சவம் என்றால் அவனுக்கு அருவருப்பு.

பெட்டி இறங்கியது, பதிவேட்டில் எழுத்து ஏறவில்லை. ஆலைக்காரர்கள் சூசைநாதன் சொல்லாமல் கொள்ளாமல் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான் என்று எழுதி வைத்தார்கள். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லாமேரி தாலியைக் கழற்றவும் முடியாமல் போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாமல் தவித்தாள். சைகோனில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள், இரண்டு பிள்ளை இருக்கிறது என்று குழாயடியில் பிள்ளைகளுக்குப் பேர்கூட வைத்துவிட்டார்கள். பெட்டியைச் சுமந்தவர்களே அந்தப் பேச்சுக்குத் தலையாட்டினார்கள் என்பதுதான் பார்க்கச் சகிக்காத காட்சி. ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்ததும் அவள் மச்சாண்டாரான சகாயநாதனின் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வரமாட்டாள்.

"காசு பணம் கேக்கல மாமா. அவரு செத்துட்டாருன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு கூப்பிடறாங்க" என்பாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான் அவன். நூற்றைம்பது ஞாயிறுகள் இப்படிப் போயின.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு பாரீசிலிருந்து பெலார் என்ற ஆராய்ச்சியாளர் வந்து இறங்கினார், துரைமாரை அழைக்கும் ஊர் வழக்கப்படி முசே பெலார். இந்தியச் சமூகமும் வாக்குரிமையும் என்பது அவருடைய ஆராய்ச்சி. கையில் இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்களும், மூக்கை அளக்க ஒரு பித்தளைக் கவையும் வைத்திருந்தார். மொழிபெயர்க்கச் சகாயநாதனைக் கொடுத்தார்கள். நெல்லித்தோப்பில் ஒரு நாள், முத்தியால்பேட்டையில் ஒரு நாள் என்று இருவரும் வீடு வீடாகப் போனார்கள். என்ன சாதி, எந்தத் தலைவர் சொன்னால் ஓட்டுப் போடுவாய், ஏன் என்று முசே கேட்பார். தெய்வசிகாமணியின் ஆள் பக்கத்தில் நிற்பான். சனங்கள் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அதைச் சகாயநாதன் இன்னும் கொஞ்சம் கழுவித் துடைத்துப் பிரெஞ்சில் சொல்வான். இந்தியர்கள் இயல்பாகவே தலைவர்களிடம் பக்தி கொண்டவர்கள் என்று முசே எழுதிக்கொள்வார். மனிதர் கெட்டவர் இல்லை, வீட்டுக் குழந்தைகளுக்குச் சர்க்கரை மிட்டாய்கூடக் கொடுப்பார். தனக்குச் சொன்னதை எல்லாம் நம்புகிற ஒரு மனிதனைப் பார்த்து இவ்வளவு அருவருப்படைய முடியும் என்பது சகாயநாதனுக்கே புதிதாக இருந்தது.

இறந்தவர்கள் வந்து நின்ற காலையில் முசே ஆச்சரியப்படவில்லை. இந்தியர்கள் பொது விவகாரங்களில் முன்னோர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு, கேள்வித் தாள்களைப் பிரித்தார். தேர்தல் அதிகாரியும் பட்டியலில் பேர் சரியாக இருந்ததால் மறுப்புச் சொல்லவில்லை. ஊர் கொதித்தது வேறொன்றுக்கு. இறந்தவர்கள் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கலந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். யார் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரியவில்லை. கேட்டால் மறந்துபோச்சு என்றார்கள். இந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள், தங்கள் தகப்பன்மாரை இப்படி அவமானப்படுத்துவதாயிருந்தால் ஓட்டே போடமாட்டோம் என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாதவர்கள் இதற்குப் பொத்தினார்கள். தெய்வசிகாமணி அரைமணி நேரத்தில் வரிசைக்கு நடுவே மூங்கில் தட்டி கட்டவைத்து, எத்தாசிவில் பதிவேட்டை வரவழைத்து, மேசையைப் போட்டு, இருநூற்றுப் பதினேழு பேரையும் பக்கம் பிரித்து நிறுத்தும் வேலையைச் சகாயநாதனிடம் விட்டார். முசேவுக்கும் அது வசதியாக இருந்தது. அவருடைய தாளில் சாதிக்கென்று ஒரு கட்டம் காலியாகவே கிடந்தது.

சகாயநாதன் பிரித்தான். நூற்றுத் தொண்ணூறு பேர்வரை தலை நிமிராமல் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் இரண்டு பேர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து மேசைக்கு முன்னால் வந்தார்கள். வலது கையோடு வலது கை கோத்திருந்ததால் அப்படித்தான் நடக்க முடிந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நிறுத்தியபோதும் பிடியை விடவில்லை, கைகளைத் தட்டியின் மேல் போட்டுக்கொண்டு நின்றார்கள். தெய்வசிகாமணியின் ஆட்கள் இழுத்துப் பார்த்துவிட்டு, விரல் வழுக்குவதாகச் சொல்லி வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். சகாயநாதன் நிமிர்ந்தான். யூஜினின் மணிக்கட்டில் இருந்த கையின் சுண்டுவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய நகம் அது. கதவைச் சாத்தியவனே சகாயநாதன்தான். தம்பியின் கையை மூன்று வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைத்து வைத்திருந்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனவன் கையை அவனவன் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான் விஷயம்.

முசே பெலார் பேனாவை வைத்துக்கொண்டு இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டார். உடம்பின்படியா, கையின்படியா? ஆராய்ச்சிக்கு இது முக்கியமான கேள்வி என்றார். இருபத்திரண்டு கேள்விகளில் எப்படிச் செத்தாய் என்ற கேள்வி இல்லை.

சூசைநாதன் அண்ணனைப் பார்த்தான். "கை மாறுனது போவட்டும்ணா. எம் பேர எடுத்துடு. நின்னு நின்னு காலு வலிக்குது."

சகாயநாதன் எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் வாந்தி எடுத்தான். காலையில் குடித்த கஞ்சியோடு பதினோரு வருஷமும் வெளியே வந்தது போலிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பதிவேட்டைத் திறந்து, சூசைநாதன், வயது இருபத்தாறு, ஆலை எந்திரத்தில் சிக்கி இறந்தான் என்று நாளும் நேரமும் போட்டு எழுதினான். கீழே யூஜினையும் எழுதினான். சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்த்த பிறகு உயிரோடிருந்தவர்களில் ஒருவரும் முன்வரவில்லை. அதனால் செத்தவர்களே ஒருவர் சாவுக்கு ஒருவர் சாட்சியாக இடது பெருவிரலை மையில் தோய்த்து உருட்டினார்கள். மை காயக் காய இரண்டு பேரும் மங்கினார்கள். காய்ந்தபோது தட்டிக்கு இரண்டு பக்கமும் அவர்கள் நின்ற இடம் காலியாக இருந்தது.

"ரெண்டு ஓட்டு போச்சு சகாயம்" என்றார் தெய்வசிகாமணி. கோபமாகச் சொல்லவில்லை. மீதியுள்ளவர்கள் ஓட்டுப் போட்டார்கள், அவரே ஜெயித்தார், அடுத்த வாரம் சகாயநாதனுக்கு வேலை போயிற்று. அவன் கோர்ட்டுக்கு எதிரே பலகை போட்டு மனு எழுதிப் பிழைத்தான். அதற்கு முன்பே பதிவேட்டின் நகலை எடுத்துக்கொண்டு போய் ஸ்டெல்லாமேரியின் வாசலில் நின்று கொடுத்திருந்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, குழாயடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொருத்தியிடமும் காட்டினாள். மறுநாள் தாலியைக் கழற்றினாள்.

கைகள் மட்டும் போகவில்லை. சகாயநாதன் எழுதியது இரண்டு ஆட்களைத்தான். யாருடைய பேரில் போவது என்று தெரியாத அந்த இரண்டு வலது கைகளும் ஒன்றையொன்று பிடித்தபடி தட்டியின் மேல் தங்கிவிட்டன. அடுத்த தேர்தலுக்கும் வேண்டியிருக்கும் என்பதால் தட்டியைப் பிரிக்கவில்லை. முதலில் சில நாள் சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் அதில் குடையை மாட்டினார்கள். முசே பெலார் ஊர் திரும்பி அறுநூறு பக்கத்தில் புத்தகம் போட்டார். அதில் ஓர் அடிக்குறிப்பில், கைகுலுக்கும் வழக்கத்தைப் புதுச்சேரி மக்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார்.

கைகளில் நகம் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டெல்லாமேரி மடியில் ஒரு சின்னக் கத்தரிக்கோலோடு தட்டிக்கு வருவாள். பிளந்த நகமுள்ள கையை முதலில் எடுத்து, ஐந்து விரலுக்கும் பதமாக வெட்டிவிடுவாள். யூஜினுக்கு வருவதற்கு ஆள் இல்லை. அதனால் அந்தக் கையையும் வெட்டிவிட்டு, விழுந்த நகங்களைக் கூட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பாள்.