ஜெயஸ்ரீக்குத் தராமல் போன மூன்று வாரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து கிளம்பியது. போன மாதம் ஆசிரியர் பயிற்சியில், வகுப்பறை அனுபவம் ஒன்றை ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதி வாசித்தேன். கைதட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மறுபடி படித்தேன். என் மாணவி ஜெயஸ்ரீயின் அப்பா அதில் பொல்லாதவராக இருந்தார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

அதனால் மறுபடி எழுதுகிறேன். என் பேர் உபகாரமேரி. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பக்கத்துத் தெருவில், இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிற சின்ன மழலையர் பள்ளியில் டீச்சர்.

2

முதல் தொடக்கம்: வெண்பாவுக்கு நாலரை வயது. அவளுக்கு...

(அடித்துவிட்டேன். சொற்களின் ஓசை ஒற்றுமை காதில் ஏறாத பிள்ளைக்கு வெண்பா என்று பேர் வைப்பது என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தான். ஜெயஸ்ரீ என்றே இருக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: குறையுள்ள ஒரு குழந்தை...

(இதையும். குறை என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்கு எழுதப் படிக்கச் சிரமப்படலாம் என்கிற அறிகுறி, அவ்வளவுதான். சீக்கிரம் கவனித்தால் அந்தச் சிரமம் வராமலேயும் போகலாம்.)

மூன்றாவது: ஜெயஸ்ரீ நன்றாக ஓடுவாள்.

இது உண்மை. இதிலிருந்தே போகிறேன்.

3

ஓடுவாள், சண்டைக்குப் போவாள், சண்டை போட்டவளுக்கே முறுக்கில் பாதி கொடுப்பாள். ஆனால் "பல், பந்து, மரம், இதுல மொத ஓசை எதுக்குச் சேராது?" என்று கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பதில் இருப்பதாக நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

எங்கள் ஏற்பாடு மூன்று படி. முதல் படி எல்லாருக்கும்: பாட்டு, கதை, சொல்லைத் துண்டாக்கிக் கைதட்டுவது. ஜூலையில் எல்லாரையும் விளையாட்டுப்போலச் சோதித்துப் பார்ப்போம். அந்த வருஷம் பின்தங்கிய ஐந்து பேர் இரண்டாம் படிக்கு வந்தார்கள். தனிப் பாயில், தினமும் கால் மணி நேரம். அதிலும் பிடிபடாத பிள்ளைக்கு மூன்றாம் படி: டீச்சரும் பிள்ளையும் மட்டும்.

பாய் விரித்த முதல் நாளே ஜெயஸ்ரீயின் அம்மா அம்புஜவல்லி வந்து நின்றாள்.

"எம்பொண்ணு மக்குன்னு எழுதி வெச்சிட்டீங்களா டீச்சர்?"

"இல்ல அம்புஜம். கொஞ்சம் கூடச் சொல்லிக் குடுக்கணும், அவ்ளோதான்."

"அப்ப எதுக்குத் தனியா ஒக்கார வெச்சிருக்கீங்க?"

நான் விளக்கினேன். அவள் அந்தத் தனிப் பாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை.

4

இந்த இடத்தில்தான் பழைய பக்கத்தில் அப்பா வில்லனாக வருவார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்பார். அந்த வசனம் நான் எழுதியது.

அந்த அப்பா, மாணிக்கவேல், உண்மையில் பேசியது இது. தினமும் சாயங்காலம் பீங்கான் கம்பெனி வேலை முடிந்து, கையில் வெள்ளைக் களிமண் காய்ந்திருக்க, வாசலில் நின்று கேட்பார்: "இன்னிக்கு வூட்டுல அவளோட என்னா வெளையாட்டு வெளையாடணும் டீச்சர்?"

அவரை ஏன் கெட்டவராக்கினேன்? என்னை மறைக்க.

செப்டம்பர் நடுவில், இரண்டாம் படிக்கு ஒதுக்கிய எட்டு வாரம் முடிந்தது. பாயிலிருந்த நாலு பேர் தேறிவிட்டார்கள். ஜெயஸ்ரீ தேறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமையே மூன்றாம் படியைத் தொடங்கியிருக்க வேண்டும். அம்புஜவல்லியிடம் மறுபடி போய்ச் சொல்ல எனக்குப் பயம். தானாக வந்துவிடும், தானாக வந்துவிடும் என்று மூன்று வாரம் தள்ளினேன்.

கடைசியில் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "இத்தினி நாளு ஏன் டீச்சர் சொல்லல?" என்றாள்.

(அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பக்கத்தை இப்போது...)

5

அக்டோபரில் தொடங்கினோம். தினமும் பதினைந்து நிமிஷம், அவளும் நானும். அம்புஜவல்லி வேலைக்கு நடுவே வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாள்.

ஆறாவது வாரம், "உம் பேரு மாதிரியே ஆரம்பிக்கிறது ஒண்ணு சொல்லு" என்றேன். அம்மா பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"ஜ... ஜன்னலு! டீச்சர், ஜன்னலு! ஜெயஸ்ரீ!"

வெளியே அம்புஜவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாணிக்கவேல் ஜாங்கிரியோடு வந்தார். குஜராத் பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளை மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு போகிறார்கள். நல்ல வேலை. அவர் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, வாழ்த்துகள் என்றேன்.

அன்று ஒரு தாளில், ஜெயஸ்ரீக்கு என்ன வரும், அடுத்து என்ன சொல்லித்தர வேண்டும் என்று வரிசையாக எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: தமிழில் எழுதியிருக்கிறேன். அவளுக்கு இப்போதுதான் பிடிபட்ட ஓசைகளும் தமிழ்தான்.

ரயில்வே ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனேன். மாணிக்கவேல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "யாரையாவது புடிச்சு இந்தியில எழுதி வாங்கிக்கறேன் டீச்சர். கவலப்படாதீங்க."

ஜெயஸ்ரீ கேட்டாள்: "அங்க டீச்சர் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"அவங்க பேரு என்னா?"

வண்டி வந்துவிட்டது.

6

ஜனவரி வரை மாணிக்கவேலும் நானும் போனில் பேசினோம். ஸ்கூலில் சேர்க்க அலைவதாகச் சொன்னார். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

முடிவு ஒன்று: புது நம்பரிலிருந்து போன் வருகிறது. பின்னால் ஜெயஸ்ரீ குஜராத்தியில் பாடுகிறாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

(எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: மூன்றாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, எதைக் கேட்டாலும் சிரிக்கிற ஒரு...

(மாட்டேன்.)

அந்த மூன்று வாரம் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஓசை அவளோடு ரயில் ஏறியிருக்கும் என்று கணக்குப் போடாத நாள் இல்லை. இந்த ஜூலையில் இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு, சிரமப்படுவது தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். இது முடிவு ஆகாது. அவர்கள் வேறு பிள்ளைகள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எனக்குத் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத வகுப்பில், அவள் முன்னால் ஒரு டீச்சர் வந்து உட்காருகிறார். அவருக்கு ஒரு பேர் வையுங்கள். முடிந்தால் அவசரமில்லாத ஒருவராக இருக்கட்டும்.