முந்திரிக் குச்சியும் இரண்டு ஷிப்டும்

வீட்டுக்காரம்மா செல்லம்மாள் தன் கொல்லையில் நிற்கும் முந்திரி மரத்தை வெட்டிவிட்டு, வாடகைக்கு விட அறைகள் கட்டப் போவதாகச் சொன்னபோது, இருங்காட்டுக்கோட்டை வழக்கம்போல கார் தயாரித்துக்கொண்டிருந்தது. கலங்கியவன் ஒருவன்தான். என் அறைத்தோழன் சுடலைக்கண்ணு, திசையன்விளைக்காரன். அந்த மரத்துக் கொட்டையைச் சுட்டுத் தின்றுவிட்டு, "இந்த ருசி எங்க ஊர்லயே கெடையாதுல" என்றவன். தன் ஊரை அவன் விட்டுக்கொடுத்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"கொட்டையப் போட்டு மொளைக்க வெச்சிக்கோயேன்" என்றார் செல்லம்மாள்.

"கொட்டை போட்டா வேற மரம்லா வரும்க்கா. கெளைய வெட்டி வச்சாத்தான் இதே மரம்."

"இன்னாமோ பண்ணு. மொட்டமாடில வெச்சிக்கோ. மாடி ஒழுகிச்சின்னா, உன்னையே தொட்டில நட்டுருவேன்."

பழைய பெயின்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, மணலும் தென்னைநார்த் தூளும் நிரப்பி, பென்சில் பருமனில் குச்சிகளை நட்டான். ஈரம் போகாமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் பாலித்தீன் பை. மொட்டைமாடி ஆஸ்பத்திரி வார்டு போலாகிவிட்டது. மறுநாள் மரம் விழுந்தது. இனி இந்தக் குச்சிகள்தான் அந்த மரம்.

குச்சிகள் ஒவ்வொன்றாகக் கருகின. வேர் பிடிக்கும் பவுடர் வாங்கினான். நிழல்வலை கட்டினான். நான் தண்டலத்தில் பொறியியல் படிப்பதாக என் வீட்டில் நம்புகிறார்கள். அதே நம்பிக்கையில் சுடலைக்கண்ணுவும் என்னிடம் யோசனை கேட்டான். கடைசியில் ஒரே ஒரு குச்சிதான் பச்சையாக மிஞ்சியது.

ஒருநாள் அதைத் திருப்பிப் பார்த்தவன் அலறினான். குச்சியின் அடியில் ஒரு பக்கம் மஞ்சள் புள்ளிகள். மறுபக்கம் பச்சைப் புள்ளிகள்.

சுடலைக்கண்ணுவும் எங்கள் அறையின் மூன்றாவது ஆள் கார்முகிலும் ஒரே கம்பெனியில் எதிரெதிர் ஷிப்ட். லைனில் வரும் பாகங்களைச் சோதிக்கிற வேலை. சோதித்த ஒவ்வொன்றிலும் மார்க்கரால் புள்ளி வைக்க வேண்டும், ஷிப்டுக்கு ஒரு நிறத்தில்.

"ஏல கார்முகிலு, பச்சை ஒன்னுதுதான?"

"ஆமா. டூட்டி முடிச்சி வந்து, வேர் உட்டுச்சான்னு எடுத்துப் பாப்பேன். இன்னா இப்போ?"

"பிடுங்கிப் பிடுங்கி நட்டா எப்பிடிலே வேரு பிடிக்கும்?"

"அப்போ மஞ்ச யாருது?"

சுடலைக்கண்ணு வானத்தைப் பார்த்தான். "நான் மெதுவாத்தான எடுக்கேன்."

"செக் பண்ணாம ஒரு பீஸ எப்டிப்பா உடறது?"

இருவருக்குமே அது நியாயமாகத்தான் பட்டது. ஷிப்டுக்கு ஒரு சோதனை, தவறாமல் நடந்திருக்கிறது. தரத்தில் குறையே இல்லை. மரம்தான் இல்லை.

சத்தம் கேட்டு மேலே வந்த செல்லம்மாள் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முறுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் ஜாடியைக் காலி செய்து, அடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். வெளியிலிருந்தே உள்ளே தெரிகிற ஜாடி.

"இதுல நடு. என் வூட்டு ஜன்னல்லதான் இருக்கும். கண்ணால பாரு. கை வெச்சே, ரூம காலி பண்ணு."

வேருக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜாடியைச் சுற்றி நியூஸ்பேப்பர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழற்றுவார். அதற்காகச் சுடலைக்கண்ணு ஞாயிறு OT-யை மறுத்தான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று நினைத்து சூப்பர்வைசர் வாழ்த்தினார்.

செம்புநிறத்தில் ஒரு துளிர் வந்தது. நாங்கள் குதித்தோம். அவன் குதிக்கவில்லை.

"எலைய நம்பாதீய. வேரு இல்லாமலும் கொஞ்ச நாளு துளிரு விடும்."

அடுத்த ஞாயிறு பேப்பர் கழன்றது. ஜாடிச் சுவரை ஒட்டி, மணலுக்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று.

"நூலா அது?" என்றான் கார்முகில்.

"வேருதாம்ல! வேருதாம்லே அது!"

சுடலைக்கண்ணு கார்முகிலைத் தூக்கிச் சுற்றினான். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய பிரவீனா, எதற்கென்றே தெரியாமல் கைதட்டினாள்.

"எம்புட்டு நீளம்னு ஒரே ஒரு தடவ..." சுடலைக்கண்ணுவின் கை குச்சியை நோக்கித் தானாகப் போனது. பட்டென்று அந்தக் கைமேல் ஓர் அடி விழுந்தது.

அடித்த கையோடு செல்லம்மாள் போனை எடுத்தார்.

"மேஸ்திரி, அந்தக் கடைசி ரூமுக்கு இன்னும் கடக்கால் தோண்டலல்ல? தோண்டாத. அங்க ஒரு மரம் வருது."