அடிமைக் கதை வாசகி

அடிமைகளைப் பற்றி இளையோர் நாவல் எது வந்தாலும், ஓட்டமாவடியில் அதை நூலகத்திலிருந்து முதலில் தூக்கிக்கொண்டு போவது நஸ்ஹாதான். எங்கோ கடலுக்கப்பால் கரும்புத் தோட்டத்தில் ஒரு பிள்ளை சங்கிலியோடு ஓடினால், இங்கே இவள் சோற்றுக்கோப்பையில் கண்ணீர் விடுவாள். ஓடுகிற அந்தப் பிள்ளை எப்போதும் தான்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். சந்தைவரை வெயிலில் நடந்தாலே தலையிடி வருகிறவள், வேட்டை நாய்களுக்குத் தப்பிச் சதுப்பு நிலத்தில் ஓடுவாளாம். சொன்னால் கோபம் வரும்.

வாசகர் வட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு நூலகர் நபீஸா அவளை அழைத்திருந்தார். தலைப்பு, சுதந்திரமும் துணிவும். கண்ணாடி முன் நின்று கையை ஓங்கி ஓங்கிப் பழகினாள். கத்தாரில் வேலை செய்யும் அண்ணன் இஷாம் அனுப்பும் குரல் பதிவுகளை மட்டும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். படிக்க நிறைய இருக்கிறதல்லவா?

சனிக்கிழமை வந்த பதிவும் அப்படித்தான் ஓடத் தொடங்கியது. நடுவில் நிறுத்தி, முதலிலிருந்து சாதாரண வேகத்தில் கேட்டாள்.

"உம்மா, ஒப்பந்தம் முடிஞ்சிட்டு. பாஸ்போட்ட முதலாளிதான் வெச்சிரிக்கான். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வை, இல்லாட்டி பாஸ்போட்ட எடுத்துட்டுப் போ எண்டுறான். இண்டைக்குப் பின்னேரம் சொல்லணும். முதுகு ஏலாம இரிக்கி. வரட்டா உம்மா?"

உம்மா ஸாலிஹா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "கையெழுத்து வைக்கச் சொல்லு மகள். மேல்மாடி முடியல்லயே. மாப்பிள்ள வீட்டாக்கள் இண்டைக்குத்தானே வீடு பாக்க வாறாக."

ஊர் வழக்கம் அது. கல்யாணம் பேசினால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பார். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், ஆகவே கட்டுவது அண்ணன்காரன், காக்கா. உனக்குச் சம்மதமா என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. சூரியனிடம் போய், கிழக்கே உதிக்கச் சம்மதமா என்று யாராவது கேட்கிறார்களா?

மாப்பிள்ளையின் வாப்பா முத்தலிப் அஸர் தொழுகைக்கு முன்பே வந்துவிட்டார். பிஸ்கட்டைத் தொடவில்லை, நேரே சுவரைத் தொட்டார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். ஏசிக்குத் துளை விடவில்லையே என்று வருத்தப்பட்டார். நாவல்களில் சந்தைக்கு வந்தவன் அடிமையின் வாயைத் திறந்து பல் பார்ப்பான். நஸ்ஹாவுக்கு உள்ளுக்குள் ஒரே புளகாங்கிதம். என்னைத்தான் விலை பேசுகிறார்கள், இதோ எழுந்து ஓடப்போகிறேன் என்று நினைத்தாள்.

ஆனால் முத்தலிப் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் தட்டியதெல்லாம் இஷாமின் முதுகை.

"மேல்மாடி எப்ப முடியும்?"

"மகன் இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறார்தானே," என்றாள் உம்மா, பெருமையாக.

அப்போதுதான் நஸ்ஹாவுக்கு உறைத்தது. இத்தனை புத்தகங்களிலும் தன்னை ஆள் மாற்றி நினைத்திருக்கிறாள். ஓடுகிற பிள்ளை அவள் இல்லை. மாளிகை விறாந்தையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே முதலாளியின் மகள், அவள்தான் இவள். அந்தப் பெண்ணை எல்லாப் புத்தகத்திலும் வாய்நிறையத் திட்டியிருந்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

"மேல்மாடி வராது மாமா," என்றாள். "காக்கா ஊருக்கு வாறார். வீடு இவ்வளவுதான்."

நாவல்களில் இந்த இடத்தில் இடி இடிக்கும். இங்கே முத்தலிப் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். "அப்ப நாங்க யோசிச்சுச் சொல்றம்," என்று செருப்பைத் தேடினார். யோசித்துச் சொல்கிறவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஊருக்கே தெரியும். உம்மா குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளோடு சண்டை பிடித்தாள்.

நஸ்ஹா இஷாமுக்கு அழைத்தாள்.

"கையெழுத்து வைக்காதீங்க காக்கா. பாஸ்போட்ட வாங்கிட்டு வாங்க."

"அப்ப உன்ட வீடு?"

"இது போதும். நீங்க வாங்க."

இஷாம் இன்னொன்று கேட்டான். குறை சொல்லும் குரலில் இல்லை, பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிப்பதுபோல்தான் கேட்டான்.

"வந்தா நான் எங்க படுக்கிற?"

நஸ்ஹா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு அறை இருந்தது, உம்மாவுக்கு இருந்தது, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்குக்கூட ஒன்று இருந்தது. வீட்டைக் கட்டிய காக்காவுக்கு இல்லை. வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். அவள் அழுதுவிட்டாள்.

"பெரிய அறையில காக்கா," என்றாள். "மாப்பிள்ளைக்கு எண்டு வெச்சதில."