நாலாவது தட்டு

1

இந்தக் கதையைக் கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கேட்டேன். கொத்துரொட்டிக்குக் காத்து நின்ற ஸ்ரீதரன் பாதி சொல்வதற்குள் அவருடைய பார்சல் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதியை நான்தான் கட்டவேண்டும். பிறத்தியார் துக்கத்தில் கைவைக்கிறவனுக்கு வெட்கம் உதவாது.

தொடக்கம் அ: மோர்னிங்சைட்டிலிருந்து புளோரிடாவுக்கு ஒரு மகிழ்ச்சியான குடும்பம் காரில்... (வெட்டிவிட்டேன். பொய்.)

தொடக்கம் ஆ: ஸ்ரீதரனின் மகன் வினோதன் இறந்து ஆறு மாதம். ராக்கெட் என்றால் உயிரை விடுவான் [இந்தச் சொல்லை மாற்றவேண்டும்]. விண்வெளி ஏவுதளத்தைப் பார்க்க நாலு பேரும் போவதென்று போன வருடமே திட்டம் போட்டவன் அவன்தான். வருடம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியும்வரை கோயிலுக்குப் போகக்கூடாது. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய் அழவும் தாய் பாலேஸ்வரிக்கு வழியில்லை.

"அவன்ரை கோயிலுக்காவது போவம்," என்றாள்.

சனம் சும்மா இருக்குமா? செத்தவீட்டு ஈரம் காயமுதல் ஊர் சுற்றுதுகளாம்.

2

(ஏவுதளத்தில், ராக்கெட் புறப்படுவதுபோல் நிலத்தை அதிரவைத்துக் காட்டும் மண்டபத்தில், போர்க்காலத்துச் செல்லடி என்று நினைத்து ஸ்ரீதரன் குப்புற விழுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். நம்மவர் கதை என்றால் கை தானாக அங்கே போகிறது. அவர் விழவில்லை. பக்கத்து வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.)

மதியம் கார் நிறுத்துமிடத்தில் பாலேஸ்வரி புட்டையும் இறைச்சிக்கறியையும் பிரித்து நாலு தட்டில் போட்டாள். நாலாவதைப் புல்லில் வைத்து, "கா, கா," என்று கூப்பிட்டாள். காகம் வரவில்லை.* வெள்ளைக் கடற்பறவை ஒன்றுதான் வந்தது.

"உது வேண்டாம், கலையுங்கோ!" என்று புருசனைச் சினந்தாள்.

காவலாளி வந்து, பறவைகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்றார். அது தன் அண்ணாவின் தட்டு என்று மகள் அட்சயா ஆங்கிலத்தில் சொன்னாள். "அப்படியானால் கூப்பிடு, ஆறப்போகிறது," என்று சிரித்தார் அந்த நல்ல மனிதர்.

அட்சயா அவரை அனுப்பிவிடப் பார்த்தாள். "ஹீ இஸ் கமிங்," என்றாள்.

பாலேஸ்வரிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. இது விளங்கிவிட்டது.

*கனடாக் காகமும் இப்படித்தான். நம்முடைய படையலை மதிப்பதில்லை.

3

பாலேஸ்வரி கார் நிறுத்துமிடத்து வாசலைப் பார்த்துக்கொண்டு புல்லிலேயே இருந்துவிட்டாள்.

"அம்மா, நான் சும்மா சொன்னனான். ப்ளீஸ், லெட்ஸ் கோ."

"பொறு பிள்ளை. பசியோடை வருவான்."

"பாலேஸ், எழும்பு. அவன் வரமாட்டான்," என்றார் ஸ்ரீதரன்.

ஆறு மாதமாக அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல் அது.

"அப்ப நீங்கள் போங்கோ," என்றாள்.

முடிவு அ: தூரத்தில் ஒரு ராக்கெட் எழும்புகிறது. அவள் வாய்விட்டு அழுது தெளிகிறாள். (தெளியமாட்டாள். அழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வினோதன் வாசலால் வருகிறான். எழுதத்தான் செய்தேன். "அம்மா, பசிக்குது" வரைக்கும் எழுதி, அதற்குமேல்...

முடிவு இ இல்லை. மற்றக் கார்கள் எல்லாம் போய்விட்டன. புருசனும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவளை எழுப்பிக் காரில் ஏற்ற ஒரு வசனம் வேண்டும். என்னிடம் இல்லை. உங்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் யாராவது இருந்தால், எப்படி எழும்பினீர்கள் என்று அவளுக்குச் சொல்லுங்கள்.