எந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது

இப்போதெல்லாம் யாரும் வழி கேட்பதில்லை. கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோனைப் பார்க்கிறார்கள். நான் சொன்னது அதோடு ஒத்துப்போனால் தலையாட்டுகிறார்கள், ஒத்துப்போகாவிட்டால் கிழவனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் இன்னும் மோசம். மலை ஏற வந்தவன் மலையைப் பார்க்க வேண்டாமா? கைப்பிடியில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டியில் ஓடுகிற எண்ணைப் பார்த்தபடியே நாலு கணவாயையும் ஏறி இறங்கிவிடுகிறான். மேலே என்ன பார்த்தாய் என்று கேட்டால், நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை தரம் அடித்தது என்று சொல்கிறான். அதை வீட்டில் படுத்துக்கொண்டே எண்ணியிருக்கலாம்.

நான் இந்த மலையிலுள்ள தேசியப் பூங்காவின் வாசலில் தடுப்புக்கட்டை தூக்குகிறவன். அதற்கு முன்னால் முப்பத்தோரு வருஷம் இதே மலையில் ரோடு வேலை. பாறைக்கு வெடி வைக்கத் துளை போட்டவர்களில் நானும் ஒருவன். ரோட்டை ஆரம்பித்தது இந்த வாசலிலிருந்து அல்ல, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அங்கே முதலில் உடைத்தது முதலாம் கணவாய், அடுத்து உடைத்தது இரண்டாம் கணவாய், அப்படியே நாலு. பிற்பாடு பூங்கா என்று ஆக்கி, வாசலை இந்தப் பக்கம் வைத்து, எண்களையும் இங்கிருந்தே போர்டில் எழுதிவிட்டார்கள். எங்கள் ஒன்று நாலாகிவிட்டது, இரண்டு மூன்றாகிவிட்டது. போர்டை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எதை முதலில் உடைத்தோம் என்பதை மாற்ற முடியுமா? நான் எங்கள் வரிசைப்படிதான் சொல்வேன். ஆபீசில் எனக்குத் ‘தலைகீழ்’ என்று பேர். “தலைகீழ் சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். பூங்கா அதிகாரி, என் மகள் வயசு இருக்கும், இரண்டு தடவை வாயால் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். போர்டில் உள்ளபடி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் நான் படுக்கிற அறையும் போகும். கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு சரி.

அன்று காலையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டினவர்கள். அவன் உடம்போடு ஒட்டின சட்டையும் சைக்கிளுமாக இருந்தான். அவள் கையில் ஒரு கம்பு, காலில் நன்றாகப் பழகின பூட்ஸ். அவன் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் முதுகுப்பையைக் கழற்றி அவன் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள். கையில் ஃபோன் இல்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

“என்னம்மா, அவர் சைக்கிள்ல போறாரு, நீங்க நடையா?”

“அவருக்கு ரோடு, எனக்கு ஒத்தையடிப் பாதை. வீட்லயும் அப்படித்தாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம்” என்றாள். “வழியில உக்காந்து சாப்பிட நல்ல இடம் இருக்கா?”

“ரெண்டாவது கணவாய்ல கல் கொட்டகை இருக்கு. பக்கத்துலயே குழாய். வருஷம் பூரா தண்ணி வரும்.”

அவள் அங்கிருந்தே திரும்பி, “ஏங்க, ரெண்டாவது கணவாய்ல உக்காருங்க, வந்துடறேன்” என்றாள். அவன் குனிந்தபடியே கையைத் தூக்கினான். கொட்டகையைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. நான் கட்டையைத் தூக்கினேன், அவன் ரோட்டில் போனான், அவள் பாதையில் இறங்கினாள்.

மதியத்துக்கு மேல் மூடுபனி, நாங்கள் மஞ்சு என்போம், இறங்கிவிட்டது. அவன் மட்டும் திரும்பி வந்தான். சைக்கிளைச் சுவரில்கூடச் சாய்க்காமல் கீழே போட்டுவிட்டு ஆபீசுக்குள் ஓடினான். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

“ரெண்டாவது கணவாய்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன் மேடம். அவ வரல. ஃபோன் பையில இருக்கு, பை என்கிட்ட இருக்கு. இன்ஹேலரும் அதுலதான் இருக்கு. குளிர்ல அவளுக்கு மூச்சு இழுக்கும். நேரமாச்சுன்னா தாங்க மாட்டா.”

அதிகாரி வரைபடத்தை விரித்தாள். முதல் கணவாய்க்கும் இரண்டாவதுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விரலை வைத்து, “இங்கதான் எங்கயோ விழுந்திருக்கணும். கயிறோட நாலு பேரை இறக்கலாம்” என்றாள்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. போர்டின் இரண்டாம் கணவாயில் பாதை ரோட்டைத் தொடாது. கீழே சரிவோடு போய்விடும். அவன் மேலே உட்கார்ந்திருந்தபோது அவள் கீழே கடந்து போயிருப்பாள், நான் சொன்ன கொட்டகையைத் தேடிக்கொண்டு. அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்றால், அதிகாரி ஃபோனை எடுத்து முதல் ஆளைக் கூப்பிட்டு, அவன் எடுத்து, இவள் பாதி சொல்லும் வரைக்கும். வேலையும் அறையும் போய் மகன் வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்கிற என்னைத்தான் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளை அல்ல. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

“பள்ளத்துல தேடாதீங்க” என்றேன். “அந்தம்மா கொட்டகையில இருப்பாங்க.”

“கொட்டகை மூணாவதுலதானே இருக்கு?”

“நான் ரெண்டுன்னு சொன்னேன்.”

அதிகாரி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு, “ஏறுங்க” என்றாள்.

ஜீப்பில் புருஷன் இன்ஹேலரைக் கைக்குள் மூடி வைத்திருந்தான், கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல. போர்டின் இரண்டாம் கணவாயைத் தாண்டும்போது, தான் உட்கார்ந்திருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் மஞ்சைத் தவிர எதுவும் இல்லை. இந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும் என்று சொல்லித் திரிந்தவன், அன்று அடுத்த வளைவு எப்போது வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கொட்டகையில்தான் இருந்தாள். சுவரில் முதுகைக் கொடுத்து, முழங்காலில் கைகளை ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைத்துக்கொண்டிருந்தாள். உதடு கறுத்திருந்தது. புருஷன் ஓடிப்போய் வாயில் வைத்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். நான் குழாயடியிலேயே நின்றுவிட்டேன். விசில் போல வந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் இதுவரை காத்திருந்ததிலேயே நீளமான கால் மணி நேரம் அதுதான்.

பேச்சு வந்ததும் அவள் புருஷனைத்தான் பிடித்தாள். “எங்க போய்... உக்காந்திருந்தீங்க?”

“ரெண்டாவதுல. இது மூணு. போர்டு பாக்கலயா நீ?”

“போர்டு ரோட்டுல இருக்கு, நான் பாதையில வந்தேன். கொட்டகைன்னாரு, இருக்கு. குழாய்னாரு, தண்ணி வருது. அப்புறம் என்ன?”

“உன் உசுரே போயிருக்கும். அந்தாளுக்கு நல்ல பேரு வேற வாங்கித் தர்றியா?”

அவள் அவன் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “பெரியவரே, இது எத்தனாவது கணவாய்? மூணுன்னு உங்க வாயால சொல்லுங்க. இனிமே அப்படியே சொல்லுவேன்னு சொல்லுங்க. நடந்ததை நான் மேலிடத்துக்கு எழுதல.”

“போர்டுல மூணு.”

“போர்டைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்.”

மூன்று என்று காலையில் சொல்லியிருந்தால் அந்த அம்மா தவித்திருக்க மாட்டாள். அது உண்மை. எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்லாமல் விட்டது என் தப்பு, அதற்கு அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, அவள் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள். ஆனால் நான் தப்பு செய்தவன் என்பதால் மலை புரண்டு படுத்துக்கொள்ளுமா? இந்தப் பாறையில் நாங்கள் துளை போட்டபோது இதற்கு முன்னால் ஒன்றுதான் உடைந்திருந்தது. ஒன்றுக்கு அடுத்தது எத்தனை?

“நான் நடந்து வரேன்” என்றேன்.

“மஞ்சுல பத்து கிலோமீட்டர். பேசாம ஏறுங்க.”

நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு ஜீப் பின்னால் வந்து, என் பக்கத்தில் வேகம் குறைந்து, பிறகு தாண்டிப் போயிற்று. பின் ஜன்னலிலிருந்து அந்த அம்மாளின் கை வெளியே நீண்டிருந்தது, விரல்களை விரித்தபடி. என்னை வா என்கிறாளா, போ என்கிறாளா, அல்லது வெறுமனே காற்றைத்தான் பிடித்துப் பார்க்கிறாளா, தெரியவில்லை. வளைவு வரைக்கும் அந்தக் கை தெரிந்தது.