நீதிபதி பிடுங்கிய பலகை

1

இந்தக் கதை என் சமையலறை ஜன்னலில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே தேவாலயத்தில் இருக்கிற நேரம். நான் போகாத ஆள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டுவைட் நெஃப்பின் புல்வெளி ஓரத்தில் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிபதி லீட்டா ப்ரூக்கர் இறங்கினார். ஒஹாயோவில் நீதிபதியையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டு பக்கமும் பார்த்தார். 'நீதிபதி ப்ரூக்கரை மீண்டும் தேர்ந்தெடுங்கள்' என்று டுவைட் நட்டு வைத்திருந்த தேர்தல் பலகையைப் பிடுங்கினார். தன் பெயர் போட்ட பலகையை, தன் கையாலேயே.

பார்த்ததை அப்படியே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பார்த்தது என்னவென்றுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எழுத எழுதப் புரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

(தமிழில் எழுதுவது மொழிப்பற்றால் மட்டுமல்ல. ஹெட்ரிக் கவுண்டியில் இதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். இங்கிலீஷில் எழுதினால் தேர்தலில் லீட்டாவை எதிர்த்து நிற்கிற வக்கீலின் ஆட்கள் நாளைக்கே என் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.)

2

முதல் தொடக்கம்: "ஒஹாயோவின் சோளக்கொல்லைகளுக்கு நடுவே, நீதியின் பாரத்தைத் தன் மெல்லிய தோள்களில்—"

வேண்டாம். அந்தத் தோள்கள் மெல்லியவை அல்ல. கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிந்தவர்.

இரண்டாவது: "உயில் எழுதிக்கொடுத்தும் வேலித் தகராறு தீர்த்தும் பிழைத்துவந்த வக்கீல் லீட்டா ப்ரூக்கர், பழைய நீதிபதி ஓய்வு பெற்றதும் தேர்தலில் நின்றார்."

உண்மைதான், ஆனால் எனக்கே கொட்டாவி வருகிறது. அவர் ஓட்டுக் கேட்கும் விதத்தைச் சொன்னால் ஒருவேளை ஆள் பிடிபடுவார். நீதிபதிக்கு நிற்பவர் இன்ன வழக்கில் இன்ன தீர்ப்புத் தருவேன் என்று வாய் திறக்கக்கூடாது. அதனால் லீட்டா வாசலுக்கு வருவார், பேரைச் சொல்வார், நாயைத் தடவிக்கொடுப்பார், "நியாயமா இருப்பேன்" என்பார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கவுண்டிச் சந்தை ஊர்வலத்தில் டிராக்டர் மேல் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிவார். குண்டு எறிந்த கையல்லவா, பின்வரிசைக்கும் போய்ச் சேரும். மூன்று முறை ஜெயித்தது இப்படித்தான்.*

* எறிந்த மிட்டாயால் ஜெயித்தாரா, எழுதிய தீர்ப்புகளால் ஜெயித்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

3

டுவைட் எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் ஒரே மகன் ஜேரட், ஐந்து வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆப்ரி என்ற பெண்ணைக் கொன்றான். எட்டு வருஷம் என்று தீர்ப்பளித்தவர் லீட்டா. மகன் சிறைக்குப் போனபின் வந்த முதல் தேர்தலிலேயே, டுவைட் தன் புல்வெளியில் லீட்டாவின் பலகையை நட்டார். ஊர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டியது, அவ்வளவுதான். வாய்விட்டு யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். மிச்சத் தண்டனையைக் குறைத்து வெளியே விடச்சொல்லி ஜேரட் மனுப் போட்டிருக்கிறான். தண்டனை கொடுத்த நீதிபதியே அதை விசாரிக்க வேண்டும். விசாரணை இந்த வியாழக்கிழமை, தேர்தல் அதற்கடுத்த செவ்வாய். வேறொருவராக இருந்தால் தேர்தல் முடியட்டும் என்று ஒத்திவைத்திருப்பார்கள். லீட்டா ஏன் ஒத்திவைக்கவில்லை? தைரியமா, பிடிவாதமா, நாட்காட்டியைச் சரியாகப் பார்க்கவில்லையா? இந்த இடத்தில் நாலு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். கதாபாத்திரம் என்றால் ஏதாவது ஒன்றை நானே முடிவு செய்துவிடலாம். அந்த அம்மாள் எனக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

4

ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அதனால் இனி வருவது கற்பனை அல்ல.

டுவைட் அன்றைக்குத் தேவாலயம் போகவில்லை. கையில் காப்பியோடு வெளியே வந்தார்.

"அது என் போர்டு, ஜட்ஜம்மா."

"என் பேருதானே போட்டிருக்கு, டுவைட்."

"பேரு உங்களுது. புல்லு என்னுது."

நீதிபதி பலகையைக் கீழே வைக்கவும் இல்லை, காருக்கு எடுத்துப்போகவும் இல்லை.

"போன தேர்தல்ல இதே வேலை பண்ணின ரெண்டு பசங்களுக்கு நீங்கதானே அபராதம் போட்டீங்க?" என்றார் டுவைட்.

"உன்கிட்ட நான் பேசவே கூடாது. கேஸ் நிலுவையில இருக்கு."

"பேச வேணாமே. வெச்சிட்டுக் கெளம்புங்க."

"நீயா எடுத்துடுவேன்னு ஒரு மாசமாப் பாத்தேன். உன் பையனை விட்டா போர்டுக்காக விட்டேன்பாங்க. விடலேன்னா ஓட்டுக்குப் பயந்துட்டேன்பாங்க. நான் என்னதான் பண்றது?"

"ஜேரட் உள்ள போனதுக்கு அப்பறமும் இது இங்கதான் நின்னுச்சு. அப்ப எவனும் ஒண்ணும் சொல்லலியே."

லீட்டா பலகையைத் திரும்ப நடப் பார்த்தார். கம்பிக்கால் வளைந்துபோயிருந்தது. டுவைட் காப்பியைப் புல்லில் வைத்துவிட்டு வந்து நிமிர்த்திக்கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து மண்ணில் அழுத்தினார்கள். லீட்டா காரில் ஏறினார். கார் போய்விட்டது.

இந்த இடத்தில் அவர் முகத்தில் ஒரு—

இல்லை. முதுகைத்தான் பார்த்தேன்.

5

மனசு கேட்கவில்லை. சாலையைக் கடந்து போய்விட்டேன்.

"எல்லாம் பாத்தாச்சா?" என்றார் டுவைட்.

"பாத்தேன். ஏன் டுவைட், அந்த போர்டை எதுக்குத்தான் வெச்சிருக்கீங்க?"

"எனக்கே ஒரு நாளைக்கு ஒரு காரணம் தோணுதும்மா. அன்னிக்குத் தீர்ப்பைச் சொல்லும்போது அவங்க பேப்பரைப் பாக்கல, ஜேரட் மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. அதுக்காக இருக்கலாம். இல்லேன்னா ரோண்டாவுக்காக."

ரோண்டா, இறந்துபோன ஆப்ரியின் அம்மா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தினமும் காலையும் மாலையும் இந்தத் தெருவழியாகத்தான் போகிறார்.

"தீர்ப்பு மேல எனக்குக் கோவம்னு அந்தப் பொம்பள நெனச்சிடக் கூடாதில்ல? வாயால போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் கெடையாது. அதான் போர்டு."

"அப்ப ஜேரட் வெளிய வரவேணாமா?"

"வரணும்மா. பெத்த மனசும்மா, வரணும். அப்படி ஆசைப்பட்டுக்கிட்டே போர்டையும் வெச்சிருக்கேனே, இது லஞ்சமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

தெரியாது என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவர் உள்ளே போய் எனக்கும் ஒரு காப்பி கொண்டுவந்தார்.

6

முடிவு அ: லீட்டா விடுதலை கொடுக்கிறார், செவ்வாய்க்கிழமை தோற்கிறார், மறுபடி உயில் எழுதப் போகிறார். உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பேருந்து ஓட்டிப்போகும் ரோண்டா நினைவுக்கு வரும்வரை.

முடிவு ஆ: மறுக்கிறார், ஜெயிக்கிறார், ஊர்வலத்தில் மிட்டாய் எறிகிறார். கோழை என்று எழுத வேண்டியதுதான். ஆனால் எட்டு வருஷமே சரி என்று அவர் மனதார நம்பி மறுத்திருந்தால்?

முடிவு இ: விடுதலையும் கொடுத்து ஜெயிக்கவும் செய்கிறார். இது நடந்தால் நல்லது. எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

7

இன்று புதன்கிழமை. ஓட்டுச்சீட்டு தபாலில் வந்து மேசைமேல் கிடக்கிறது. குடியுரிமை வாங்கியதிலிருந்து எந்தத் தேர்தலையும் தவறவிட்டவள் இல்லை நான். மற்ற பதவிகளுக்கெல்லாம் பேருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்பிவிட்டேன். நீதிபதி இடம் மட்டும் காலி. அவர் நாளைக்கு என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுப் போடலாம் என்று எடுத்துவைத்திருந்தேன்.

இந்த வரியை எழுதிய பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாரே, அவர் பயந்தது ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற என்னைப் பார்த்துத்தான். நாளைக்கு ஜேரட்டின் முகத்தைப் பார்க்கும்போதும் குறுக்கே நான் நிற்பேன்.

நீங்களும்தான். மூன்று முடிவில் எது வந்தால் இந்த அம்மாள் நல்லவர் என்று இதற்குள் தீர்மானித்திருப்பீர்கள்.

இப்போதே நிரப்பி உறையை ஒட்டிவிட்டால் அவரை நான் நம்புகிறேன் என்றாகும். நம்புகிறேனா? தீர்ப்பைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை நிரப்பினால்—

தபால் வண்டி நாலு மணிக்கு வரும். பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஜேரட்டை விடுவாரா மாட்டாரா என்று தெரியாமலே சொல்லுங்கள்.